சார்ந்ததன் வண்ணம்

உயர்தர வகுப்பில் தவணைப் பரீட்சை விடைத்தாள்களைத் திருப்பிக் கொடுக்கும்போது பிள்ளைகள் கேட்கும் முதற்கேள்வி, "ரீச்சர், ஆகக் கூடின மாக்ஸ் எத்தினை?" என்பதுதான். அடுத்த கேள்வி பக்கத்து மேசைக்குப் போகும்: "உமக்கு எத்தினை?" எந்தக் கணக்கு எந்த வரியில் பிழைத்தது என்ற கேள்வி வருவதற்குள் மணி அடித்துவிடும். நான் வடமராட்சியில் இணைந்த கணிதம் படிப்பித்து ஓய்வுபெற்றவள். சைவ சித்தாந்த வகுப்புகளுக்கும் நெடுநாளாகப் போய்வருகிறேன். இந்த இரண்டு படிப்பும் என் மனதில் வந்து முட்டும் இடம் ஒன்று உண்டு. ஒரு பிள்ளை தன்னை இன்னொரு பிள்ளையின் புள்ளியோடு வைத்துப் பார்ப்பது குற்றமா?

"மற்றவர்களோடு ஒப்பிடாதே" என்று பெரியவர்கள் எல்லோரும் சொல்கிறோம். அந்த அறிவுரையில் எனக்கு நம்பிக்கை இல்லை. அது பிள்ளையின் நிலத்தையும் பார்ப்பதில்லை, ஆன்மாவின் இயல்பையும் பார்ப்பதில்லை.

நிலத்தை முதலில் சொல்கிறேன். 1970களின் தொடக்கத்தில் வந்த தரப்படுத்தலின்போது, தமிழ்மொழியில் பரீட்சை எழுதிய பிள்ளை அதே பல்கலைக்கழக இடத்துக்குக் கூடுதல் புள்ளி எடுக்க வேண்டியிருந்தது. வாசலோடு திரும்பிய பிள்ளைகளின் கதை இல்லாத குடும்பங்கள் எங்கள் பக்கத்தில் குறைவு. பிறகு போர் வந்தது. காணியும் வீடும் போன பிறகும் கொண்டுபோகக்கூடிய சொத்தாகப் படிப்பு மட்டும் மிஞ்சியது. இப்படிப்பட்ட மண்ணில் புள்ளி வெறும் எண்ணாக இருக்க முடியாது. தொண்டைமானாறு வெளிக்கள நிலையத்தின் தவணை வினாத்தாளைப் பல பாடசாலைகள் எழுதுவதால், மாலையில் ரியூட்டரி வாசலில் ஒப்பீடு பாடசாலை மதிலையும் தாண்டிவிடும். வீட்டுக்குப் போனால் அம்மா கேட்பார், "அந்தப் பிள்ளைக்கு எத்தினையாம்?" அந்தத் தாயைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. அவருடைய அச்சத்துக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது.

அதற்கு மேலே இசட் புள்ளி. 2001 முதல் பல்கலைக்கழக அனுமதியை அதுதான் தீர்மானிக்கிறது. பிள்ளை எடுத்த புள்ளியிலிருந்து அந்தப் பாடத்தின் இடையைக் கழித்து, நியம விலகலால் வகுத்து, மூன்று பாடத்துக்கும் சராசரி எடுப்பார்கள். பெறுபேற்றுத் தாளில் அதன் பக்கத்தில் மாவட்ட நிலையும் அகில இலங்கை நிலையும் இருக்கும். ஆகவே "ஒப்பிடாதே" என்று நாங்கள் சொல்லும் பிள்ளையின் கையில், ஒப்பீட்டை மட்டுமே கொண்டு செய்த ஓர் எண்ணை அரசாங்கம் கொடுக்கிறது. இதை நான் அநீதி என்று சொல்லமாட்டேன். இடங்கள் குறைவு, பிள்ளைகள் அதிகம். பௌதிகவியலில் எடுத்த 60ஐயும் இரசாயனவியலில் எடுத்த 60ஐயும் நியாயமாகக் கூட்டுவதற்கு வேறு நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

ஆனால் அந்தக் கணிதத்தை ஊன்றிப் பார்க்க வேண்டும். ஒரு பாடத்தை எழுதிய எல்லோருடைய இசட் புள்ளிகளையும் கூட்டினால் விடை எப்போதும் பூச்சியம். நாடு முழுவதும் பிள்ளைகள் இரண்டு மடங்கு படித்தாலும் பூச்சியம்தான். ஒருவர் மேலே போனால் இன்னொருவர் கீழே வந்தாக வேண்டும். அந்த எண்ணைக் கட்டியிருக்கும் விதமே அப்படி. அறிவு அப்படிக் கட்டப்படவில்லை. வகையீட்டை நான் விளங்கிக்கொண்டதால் பக்கத்தில் இருப்பவளின் வகையீடு குறையாது. ஆகவே இடம் பிரிப்பதற்கு இசட் புள்ளி சரியான கருவி. தன்னை அறிய நினைக்கும் பிள்ளைக்கு அதில் ஒன்றும் இல்லை.

கணிதத்துக்குத் தன் எல்லை தெரியும். 2011ஆம் ஆண்டுப் பரீட்சையைப் பழைய பாடத்திட்டப் பிள்ளைகளும் புதிய பாடத்திட்டப் பிள்ளைகளும் எழுதினார்கள். இரண்டு கூட்டத்தையும் ஒன்றாகச் சேர்த்துக் கணித்த இசட் புள்ளி செல்லாது என்று 2012இல் உயர் நீதிமன்றம் தீர்த்தது. ஒரே கூட்டத்துக்குள் நின்றால்தான் ஒப்பீட்டுக்குப் பொருள் உண்டு. ஒரே பாடம், ஒரே ஆண்டு, ஒரே வினாத்தாள் என்று அதற்கு இத்தனை நிபந்தனைகள். ஒரு பிள்ளையின் முழு வாழ்வையும் இன்னொரு பிள்ளையின் வாழ்வோடு வைத்து எடைபோடுவதற்கு எந்தக் கூட்டத்தின் இடையை எடுப்பது? விடியற்காலையில் அப்பாவோடு மீன் ஏலத்துக்குப் போய்விட்டு வகுப்புக்கு வருபவனையும், மேசைக்குத் தேத்தண்ணி வந்துசேரும் வீட்டுப் பிள்ளையையும் சேர்த்து எந்த நியம விலகலைக் கணிப்பது?

இனி ஆன்மாவின் இயல்பு. சித்தாந்தத்தில் எனக்கு மிகவும் பிடித்த கொள்கை, ஆன்மா சார்ந்ததன் வண்ணமாகும் என்பது. பளிங்கு தன் பக்கத்தில் இருக்கும் பொருளின் நிறத்தைக் காட்டுவதுபோல, ஆன்மா எதைச் சார்கிறதோ அதுவாகவே நிற்கும். இதில் பலர் கவனிக்காத பகுதி ஒன்று உண்டு. ஆன்மா சார்பில்லாமல் ஒருபோதும் நிற்பதில்லை. முத்தியிலும் அது தனியே நிற்பதில்லை, திருவடியைச் சார்ந்து நிற்கிறது. அங்கே சார்பு போய்விடுவதில்லை, சார்ந்த பொருள்தான் மாறியிருக்கிறது. "ஒப்பிடாதே" என்ற அறிவுரை தோற்பது இதனால்தான். புள்ளியை விடு என்கிறோம். எதைப் பிடிப்பது என்று சொல்வதில்லை. சார்பில்லாமல் நிற்கச் சொன்னால் பதினேழு வயதுப் பிள்ளை என்ன செய்யும்?

ஒருமுறை மொத்தப் புள்ளியை எழுதாமல் தாள்களைக் கொடுத்துப் பார்த்தேன், பிள்ளைகள் கணக்குகளை முதலில் பார்க்கட்டும் என்று. ஒவ்வொரு வரிக்கும் நான் இட்டிருந்த ஐந்து ஐந்தான புள்ளிகளைக் கூட்டி, சில நிமிடத்தில் மொத்தத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. ஆன்மா பற்றுக்கோடு தேடுவதைக் கண்ணால் கண்டேன்.

புள்ளியைச் சார்ந்த பிள்ளைக்கு என்ன ஆகிறது என்பதையும் கண்டிருக்கிறேன். 74 எடுத்தவள் ஒரு புள்ளியால் ஏ தவறியதென்று அழுதாள். பக்கத்தில் இருந்தவளுக்கு 72 என்று தெரிந்ததும் அழுகை நின்றது. அவள் நல்ல பிள்ளை. தோழிக்கு ஒரு தீங்கும் நினைக்காதவள். ஆனால் அந்த ஆறுதல் தோழியின் குறைவிலிருந்து வந்தது. 38 எடுத்த பையன் தாளை நாலாய் மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, "எனக்கு மற்ஸ் வராது ரீச்சர்" என்றான். அதைப் பணிவு என்று எடுத்துக்கொள்வோம். ஆணவத்தின் வேலை அங்கேயும் நடக்கிறது என்பது என் துணிவு. ஆணவ மலத்தைப் பற்றிச் சித்தாந்த ஆசிரியர் உமாபதி சிவம் திருவருட்பயனில் சொல்லும் கருத்து இங்கே எனக்கு உதவுகிறது. இருட்டு பொருள்களை மறைத்தாலும் தான் இருப்பதையாவது காட்டும். ஆணவம் பொருளையும் காட்டாது, தன்னையும் காட்டாது. முதலாம் பிள்ளையின் செருக்கு எல்லோருக்கும் தெரியும். "எனக்கு வராது" என்பதற்குள் இருக்கும் "நான்" எவருடைய கண்ணிலும் படுவதில்லை. அந்தப் பையனின் தாளில் எல்லைகள் பற்றிய கணக்கு முழுக்கச் சரியாக இருந்தது. அதை அவன் பார்க்கவே இல்லை.

எங்கள் நாட்டின் பௌத்தர்கள் போற்றும் பாளி நூல்களும் இதே இடத்தைத் தொடுகின்றன. "நான் அவனிலும் மேல்", "நான் அவனிலும் கீழ்" என்பவற்றோடு "நான் அவனுக்குச் சமம்" என்பதையும் அவை ஒரே தளையாகக் கொள்கின்றன. பத்துத் தளைகளில் அது எட்டாவது. அரகந்தர் நிலையில்தான் அது முற்றாக அறும். சித்தாந்தமோ முத்தியிலும் ஆணவம் அழிவதாகச் சொல்வதில்லை, அதன் வலி கெடும் என்றே சொல்கிறது. இரண்டு மரபுகளும் இவ்வளவு கடினம் என்று கண்ட ஒன்றை, ஒரு தவணைக்குள் விட்டுவிடு என்று பிள்ளைகளிடம் கேட்பது கொடுமை.

ஆனால் சார்பை மாற்றலாம். என் வகுப்பில் இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள், இணைபிரியாத சிநேகிதிகள். தாள் கிடைத்ததும் அவர்களும் ஒப்பிட்டார்கள். மொத்தத்தை அல்ல, வரிகளை. கணிதத் தொகுத்தறிவுக் கேள்விக்கு ஒருத்திக்கு முழு 25 கிடைத்திருந்தது, மற்றவளுக்கு 20. "நான் எல்லாம் செய்தனான், எங்கை போனது?" என்று அவள் தேடினாள். எல்லா நேர் முழுவெண்ணுக்கும் கூற்று உண்மை என்ற கடைசி முடிவை எழுதாமல் விட்டிருந்தாள். "இதை எழுதாட்டி நீர் ஒண்டையும் நிறுவேல்லை" என்று சிநேகிதி சொன்னாள். பிறகு இருவரும், அந்த வரி ஏன் வேண்டும், அது வெறும் சடங்கா அல்லது நிறுவலின் பகுதியா என்று வாதாடினார்கள். நல்ல கேள்வி அது. அந்த வேளையில் இருவரும் சார்ந்து நின்றது கணிதத்தை. ஒருத்தியின் கூடுதல் மற்றவளுக்குக் குறைவாகப் படவில்லை, வெளிச்சமாகப் பட்டது. அவர்களும் புள்ளியை மறந்தவர்கள் அல்லர். வெட்டுப்புள்ளியை எண்ணிப் பயந்தவர்கள்தான். ஆனால் அந்த அச்சத்துக்கு அவர்கள் மேல் இருந்த பிடி தளர்ந்திருந்தது.

ஆகவே என் விடை இது: ஒப்பிடுவது குற்றமில்லை. எண்ணை எண்ணோடு ஒப்பிடும் பிள்ளை எண்ணின் வண்ணமாகிறது, வேலையை வேலையோடு ஒப்பிடும் பிள்ளை வேலையின் வண்ணமாகிறது. எதைச் சார்வது என்பதைப் பெரும்பாலும் பிள்ளை தெரிந்தெடுப்பதில்லை. நாங்கள் எதை முதலில் கேட்கிறோமோ, அதையே அது பிடித்துக்கொள்கிறது.

ஆசிரியர்களே, ஆகக் கூடின புள்ளியை வகுப்பில் வாசிப்பதை நிறுத்துங்கள். ஆகச் சிறந்த ஒரு விடையைப் பலகையில் எழுதிக் காட்டுங்கள், அது 38 எடுத்தவனுடையதாக இருந்தாலும். பெற்றோரே, இந்தத் தவணை முன்னேற்ற அறிக்கையில் கையெழுத்திடுவதற்கு முன் விடைத்தாளைக் கேட்டு வாங்குங்கள். அதில் ஒரு கணக்கை, உங்களுக்கு விளங்காவிட்டாலும், பிள்ளையின் வாயால் சொல்லக் கேளுங்கள்.