கொஞ்சம் கூட்டிச் சொல்லலாம்

பெரம்பலூரிலோ அரியலூரிலோ ஒரு பெரியவர் தவறிவிட்டால், பொழுது சாய்வதற்குள் தெருமுனையில் 'கண்ணீர் அஞ்சலி' ஃப்ளெக்ஸ் நின்றுவிடும். தோற்றம், மறைவு, நடுவில் வெள்ளைச் சட்டையில் அவர் படம், கீழே மகன்கள், மருமகள்கள், மகள்கள், மருமகன்கள், பேரன் பேத்திகள். அவர் சின்ன வெங்காயம் போட்டவரா, சிமெண்ட் ஆலைக்குப் போனவரா, யாருக்கு உதவினார், யாரை வாசலிலேயே நிறுத்தினார் என்பதெல்லாம் அதில் இருக்காது. பழைய வழக்கம்தான் இது. கங்கைகொண்ட சோழபுரமும் அரியலூர் மாவட்டத்தில்தான் இருக்கிறது. அதைக் கட்டிய ராஜேந்திரனின் மெய்க்கீர்த்தியும் வென்ற நாடுகளைத்தான் அடுக்கும்.

அப்பாவையோ தாத்தாவையோ நினைவுகூரும்போது எவ்வளவு சொல்லலாம், எதை விடலாம்?

இந்தக் கேள்விக்குச் சட்டமே எழுதி வைத்தவர்கள் யூதர்கள். 16-ஆம் நூற்றாண்டில் யோசேப் காரோ தொகுத்த 'ஷுல்ஹான் அரூக்' இறந்தவரைப் பற்றி நல்லதைப் பேசுவதைக் கடமையாகவே வைக்கிறது. இருந்த நற்குணத்தைச் சொல்லலாம், கொஞ்சம் கூட்டியும் சொல்லலாம். அளவு மீறக் கூடாது, அறவே இல்லாத குணத்தை ஏற்றவும் கூடாது. பெற்றோருக்காகப் பிள்ளைகள் சொல்லும் 'காதிஷ்' பிரார்த்தனையிலும் இப்படி ஒரு சலுகை உண்டு. பாவிகள் மீதான விசாரணை 12 மாதம் நடக்கும் என்பது நம்பிக்கை. முழு ஆண்டும் பிரார்த்தித்தால் அப்பா பாவிதான் என்று மகனே ஒப்புக்கொண்டதாகிவிடுமாம். அதனால் ஐரோப்பிய யூதர்கள் 11 மாதத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். கறாரான சட்டத்துக்குள் பாசம் நுழைந்த இடம் இது.

கூட்டுவதற்கு இப்படி வரம்பு உண்டு. கழிப்பதற்கு? அதற்குக் கொச்சி யூதர்களின் கதையைப் பார்க்க வேண்டும்.

ராஜேந்திரன் பட்டத்துக்கு வருவதற்குச் சற்று முன், ஏறத்தாழ கி.பி. 1000-இல், சேர மன்னன் பாஸ்கர ரவி ஜோசப் ரப்பான் என்ற யூதத் தலைவருக்கு 72 உரிமைகளை வட்டெழுத்தில் செப்பேடாக எழுதிக் கொடுத்தான். அவை அவருடைய வாரிசுகளுக்கும் உரியவை. கொச்சி யூதர்களின் குலப் பெருமை அந்தச் செப்பேடு. ஆனால் கொச்சியின் மட்டாஞ்சேரியில் உள்ள பரதேசி ஜெபாலயத்தில் அதே மதத்தைச் சேர்ந்த ஒரு பிரிவினருக்கு, விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழிவந்தவர்களுக்கு, மற்றவர்களோடு சமமாக உட்கார அன்று இடமிருக்கவில்லை. அந்த மற்றவர்களான 'வெள்ளை யூதர்' வீட்டில் பெண் எடுக்க முடியவில்லை. செத்த பிறகும் தனி இடம்தான் கிடைத்தது. ஊருக்கும் சேரிக்கும் வேறு வேறு சுடுகாடு வைத்துப் பழகிய நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அந்தப் பிரிவில் 1882-இல் பிறந்தவர் ஆபிரகாம் பராக் சேலம். சென்னையில் சட்டம் படித்துத் திரும்பி வழக்கறிஞரானார். கொச்சி சட்டமன்றத்தில் உறுப்பினராக இருந்தார், 1929 லாகூர் காங்கிரசுக்குப் போனார். ஜெபாலயத்துக்குள் மட்டும் அவருக்குச் சமத்துவம் கிடைக்கவில்லை. காந்தியின் வழியை அங்கே கொண்டுபோய், படிக்கட்டில் உட்கார்ந்து சத்தியாக்கிரகம் செய்தார். தடைகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன, ஆனால் மெதுவாக. 1950-இல் அவருடைய மகன் ஒருவர் 'வெள்ளை யூத'ப் பெண்ணை மணக்க முடிவெடுத்தபோது, ஊர் ஒப்பாததால் திருமணம் பம்பாயில்தான் நடந்தது. 1950-களில் கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தார்கள். அதற்காக ஓடியாடிய சேலம் கொச்சியிலேயே இருந்து 1967-இல் இறந்தார். இன்று மட்டாஞ்சேரியில் அவர் பெயரில் சாலை இருக்கிறது.

இத்தகைய மனிதரை 'அன்பான அப்பா, பாசமிக்க தாத்தா' என்று மட்டும் நினைவுகூர்ந்தால் அது பொய்யாகாது. ஆனால் படிக்கட்டு மறைந்துவிடும். படிக்கட்டு மறைந்தால் அவரை அங்கே உட்கார வைத்தவர்களும் தப்பிவிடுவார்கள்.

செத்தவர் எழுந்து வந்து பதில் சொல்ல முடியாது, அவரைப் பற்றி ஏன் குறை பேச வேண்டும் என்று கேட்பவர்களை எளிதில் தள்ளிவிட முடியாது. குடித்தார், கடன் வைத்தார், வீட்டில் எரிந்து விழுந்தார் என்பதையெல்லாம் குடும்பம் தனக்குள் வைத்துக்கொள்ளட்டும். அவற்றைச் சுமந்ததும் பெரும்பாலும் அந்தக் குடும்பம்தான். ஆனால் டீக்கடையில் தனி டம்ளர் வைத்த தாத்தாவின் கதை அவர் பேரனுக்கு மட்டும் சொந்தமல்ல. அந்த டம்ளரில் குடித்தவருக்கும் பேரன் இருக்கிறான். ஒருவர் மௌனம் காத்தால் மற்றவர் பட்டதே நடக்காததாகிவிடும். மரியாதை என்ற பெயரில் இதைச் செய்யலாகாது. இவ்விடத்தில் ஷுல்ஹான் அரூக்கின் விதியைச் சற்று நீட்டிக்கொள்ளலாம்: நல்லதைக் கொஞ்சம் கூட்டிச் சொல்பவர், பிறர் பட்ட காயத்தைக் கழிக்கக் கூடாது.

பம்பாய்த் திருமணம் போன்றவற்றுக்குப் பின் இந்தக் கணக்கு இன்னும் சிக்கலாகிறது. அப்படிக் கலந்த குடும்பத்தில் படிக்கட்டில் உட்கார்ந்தவரும் தாத்தா, உள்ளே இடம் தர மறுத்தவரும் தாத்தா. குழந்தைக்கு இருவருமே பிரியமானவர்கள். இருவரின் நினைவு நாளிலும் விளக்கேற்ற வேண்டியது அதே கைதான். முதலாமவருக்கு என்ன நடந்தது என்று அந்தக் குழந்தை கேட்டால், இரண்டாமவரின் பெயரைச் சொல்லாமல் பதில் சொல்ல முடியாது.