அமானிதத்துக்கு கஸ்ர் உண்டா?

கோடை விடுமுறை பிறந்துவிட்டால் பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர்ப் பகுதிகளில் ஒரு காட்சியைக் காணலாம். சுபுஹுத் தொழுகை முடிந்த கையோடு தெருமுனையில் வேன் வந்து நிற்கும். சோற்று மூட்டை, தண்ணீர்க் குடம், தொழுகைப் பாய், தூக்கம் கலையாத பிள்ளைகள் என்று எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு வண்டி புறப்படும். இப்பகுதிகளில் தொழிற்சாலைகள் எழுந்த 1960-களிலிருந்து பிழைப்பை நாடி இங்கு வந்து குடியேறியவர்களில் தென்மாவட்டத்தார் பலர். நாசரத்பேட்டையில் வெளிவட்டச் சாலையைப் பிடித்து, வண்டலூர், விழுப்புரம், திருச்சி, மதுரை வழியாக மேலப்பாளையத்துக்கோ காயல்பட்டினத்துக்கோ அவர்கள் போய்ச் சேர 600 கிலோமீட்டருக்கும் மேல் ஓட வேண்டும். ஒரு பகல் முழுவதும் ஒரே வண்டிக்குள் கழியும்.

இத்தகைய பிரயாணத்துக்கு ஆயத்தமான ஒரு சகோதரர் அண்மையில் நம்மிடம் ஒரு கேள்வி கேட்டார். அவருக்கு மக்கட்பேறு இல்லை. கைக்குழந்தையாக எடுத்து வளர்த்த பிள்ளைக்கு இப்போது ஏழு வயது. முதன்முறையாகப் பூர்வீக ஊருக்கு அழைத்துச் செல்கிறார். “வளர்ப்புப் பிள்ளை என்பது சொந்தபந்தம் அனைவருக்கும் தெரியும்; பிள்ளைக்கு மட்டும் தெரியாது. வழியில் யாரும் வாய் தவறிச் சொல்லிவிடாமல் எல்லாரிடமும் சத்தியம் வாங்கிக்கொள்ளலாமா, ஹஜ்ரத்?” என்பதே கேள்வி.

கேள்வியின் அடியில் அன்பு இருக்கிறது. அதை நாம் மதிக்கிறோம். ஆனால் அந்தச் சகோதரர் வாங்க நினைப்பது சத்தியமன்று, பொய்க்குக் காவல். பன்னிரண்டு பேர் கொண்ட வண்டியில் பதினொருவர் அறிந்த ஒன்றைப் பன்னிரண்டாமவரிடமிருந்து, அதுவும் அச்செய்திக்கு உரியவரிடமிருந்தே, மறைப்பது எத்தனை நாளைக்கு இயலும்? பெரியவர்கள் வாயைக் கட்டலாம். ஜன்னலோர இடத்துக்குச் சண்டை மூண்டால், “நீ எங்க மாமா பெத்த பிள்ளை இல்லையாமே!” என்று ஒரு சின்னஞ்சிறு வாய் சொல்லிவிடும். அன்று அப்பிள்ளை இரண்டை இழக்கிறது: ஒன்று, தன் பிறப்பைப் பற்றிய எண்ணம், மற்றொன்று, வளர்த்தவர் சொல்லின் மீதுள்ள நம்பிக்கை. முந்தியதற்கு மருந்து உண்டு. பிந்தியது எளிதில் ஆறாது.

அன்பர்களே! நமது சீறா வரலாற்றைப் புரட்டினால், பெற்றோரைப் பிரிந்த பிள்ளைகளின் கதை பெரும்பாலும் பிரயாணத்தோடு பின்னியிருப்பதைக் காணலாம்.

நம் நாயகம் (ஸல்) அவர்களுக்கு ஆறு வயதாயிருந்தபோது, அன்னை ஆமினா அவர்கள் மகனை எத்ரிபுக்கு அழைத்துச் சென்று, உறவினரான பனூ நஜ்ஜார் கூட்டத்தாரிடம் தங்கினார்கள். திரும்பும் வழியில் அப்வா என்னுமிடத்தில் அன்னையார் மறைந்தார்கள். தந்தையை முன்பே இழந்த அப்பாலகரை, எஞ்சிய வழி முழுதும் மக்கா வரை அழைத்து வந்தவர் உம்மு அய்மன் (ரலி) அவர்கள். பின்னர் பாட்டனாரும் மறைய, வளர்க்கும் பொறுப்பு அபூதாலிபுக்கு வந்தது. அவர் ஷாம் தேசத்துக்கு வாணிபம் செய்யக் கிளம்பிய வேளையில், சிறுவரான நாயகம் (ஸல்) அவர்கள் அவரை விட்டுப் பிரிய மனமின்றிப் பற்றிக்கொண்டதாகவும், அவர் மனமிளகி உடன் அழைத்துச் சென்றதாகவும் வரலாற்றாசிரியர்கள் கூறுகின்றனர். அபூதாலிப் அவர்கள் அப்துல்லாஹ்வின் மகனை விட்டுவிட்டுப் போகவில்லை.

ஜைத் பின் ஹாரிஸா (ரலி) அவர்களின் வரலாறும் ஒரு பிரயாணத்தில்தான் தொடங்குகிறது. தாயுடன் தாய்வழி உறவினரைக் காணச் சென்ற சிறுவரைக் கொள்ளையர் கவர்ந்து உக்காள் சந்தையில் விற்றனர். கைமாறி, நாயகம் (ஸல்) அவர்களின் இல்லம் வந்து சேர்ந்தார். தந்தை ஹாரிஸா தேடி வந்து மீட்க முயன்றபோது, முடிவு ஜைதிடமே விடப்பட்டது. அவர் நாயகத்தையே தேர்ந்தெடுத்தார். அன்றிலிருந்து ‘முஹம்மதின் மகன் ஜைத்’ என்று மக்கள் அழைத்தனர். பின்னர் மதீனாவில் அல்-அஹ்ஸாப் அத்தியாயத்தின் 5-ஆம் வசனம் இறங்கி, வளர்ப்புப் பிள்ளைகளை அவரவர் தந்தையின் பெயராலேயே அழைக்கும்படி கட்டளையிட்டது. மீண்டும் அவர் ஹாரிஸாவின் மகன் ஆனார்.

இங்கே சிந்திக்க வேண்டியது யாதெனில், பெயர் திரும்பிச் சென்றது. அன்பு திரும்பிச் செல்லவில்லை. ஸஹாபாக்களில் திருமறையில் பெயர் குறிப்பிடப்பட்டவர் அவர் ஒருவரே. ஹிஜ்ரி 8-இல் மூத்தா போருக்கு முதல் தளபதியாக நாயகம் (ஸல்) அவர்கள் அவரையே நியமித்தார்கள். உண்மையைச் சொன்னால் பாசம் அற்றுவிடும் என்று அஞ்சுவோருக்கு இதைவிட வேறு ஆறுதல் வேண்டுமா? தந்தை யாரென்றே தெரியாத பிள்ளைகளையும் அதே வசனம் மறக்கவில்லை. அவர்கள் மார்க்கச் சகோதரர்கள் என்று அது கௌரவிக்கிறது. இல்லாத தந்தையைக் கற்பனை செய்துதான் ஒரு குழந்தைக்கு மதிப்பு தேடவேண்டும் என்பதில்லை.

“பிஞ்சு உள்ளம் நோகுமே!” என்று கேட்கலாம். நோகத்தான் செய்யும். ஆயினும் தாயின் மடியிலிருந்து கேட்கும் உண்மை வேறு. சண்டையில் எறியப்படும் உண்மை வேறு. ஆகவே ஊர் போய்ச் சேருமுன், வேனில் ஏறுமுன்னரே, வீட்டில் அமைதியான வேளையில் சொல்லிவிட வேண்டும். நீண்ட விளக்கம் வேண்டாம். “உன்னைப் பெற்றவர்கள் வேறு, கண்ணு. உன்னை எங்களிடம் சேர்த்தவன் அல்லாஹ். நீ எங்களை விட்டுப் போகவேண்டியதில்லை” என்றால் போதும். பெற்றவர்களை இழித்து ஒரு சொல்லும் சொல்லலாகாது. பிள்ளை மறுபடி மறுபடி கேட்கும். கேட்கும்போதெல்லாம் அலுப்பின்றிப் பதில் சொல்ல வேண்டும். சொந்தபந்தத்தாரிடம் வாங்கவேண்டிய வாக்குறுதியும் மறைப்பதற்கானதன்று. அப்பிள்ளையை எவரும் குத்திப் பேசக்கூடாது என்பதற்கானது.

சொன்னால் மட்டும் போதுமா? போதாது. அந்தச் சொல் மெய்தானா என்று பிள்ளை பார்த்துக்கொண்டேயிருக்கும். அதற்கு நெடும்பயணத்தைப் போன்ற பரீட்சைக்கூடம் வேறில்லை. யாருக்கு ஜன்னலோரம், யாருக்கு முதல் முட்டை, வாந்தி எடுத்தால் யார் தலையைப் பிடிப்பது, இரவில் யார் மடியில் தூக்கம் என்பவையெல்லாம் அதன் கண்ணுக்குத் தப்பாது. நாயகம் (ஸல்) அவர்கள் பிரயாணத்திலிருந்து திரும்பும்போது குடும்பத்துச் சிறுவர்கள் எதிர்கொண்டு அழைப்பார்கள். ஒருமுறை முதலில் வந்த, பெரிய தந்தையின் பேரர் அப்துல்லாஹ் பின் ஜஅஃபர் (ரலி) அவர்களைத் தம் வாகனத்தில் முன்னே ஏற்றினார்கள். அடுத்து வந்த ஃபாத்திமா (ரலி) அவர்களின் மைந்தரைப் பின்னே ஏற்றினார்கள். மூவரும் ஒரே வாகனத்தில் மதீனாவினுள் நுழைந்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் வரும் செய்தி இது. சொந்தப் பேரர் வந்துவிட்டார் என்பதற்காக முந்தி வந்தவர் இடம் மாறவில்லை.

உண்மையை மறைப்பதால் மார்க்கச் சட்டங்களிலும் சிக்கல் நேரும். வளர்ப்பதால் மட்டும் மஹ்ரம் உறவு உண்டாகிவிடாது. பருவமடைந்தபின் ஹிஜாப் பேணுதல், மஹ்ரம் துணையுடன் பிரயாணம் செய்தல், இரவில் ஒரே அறையில் தங்குதல் ஆகியவை யாவும் கேள்விக்குள்ளாகும். இதற்கு ஷரீஅத்தே வழி வைத்திருக்கிறது. இரண்டு வயதுக்குள் பால்குடி உறவை ஏற்படுத்திக்கொள்ளலாம். வளர்ப்புத் தாய்க்கே பால் சுரந்தால் நன்று. இல்லையேல் ஆண் பிள்ளைக்கு அவளுடைய சகோதரியும், பெண் பிள்ளைக்கு அவள் கணவனின் சகோதரியும் பாலூட்டலாம். ஷாபிஈ மத்ஹபில் ஐந்து தடவை ஊட்ட வேண்டும். ஹனஃபி மத்ஹபில் சிறிதளவு பாலே போதும். வாரிசுரிமை வளர்ப்புப் பிள்ளைக்குத் தானாக வராது. ஆனால் உயிரோடிருக்கும்போதே ஹிபாவாகக் கொடுக்கலாம். சொத்தில் மூன்றிலொரு பங்கு வரை வஸிய்யத்தும் செய்யலாம். அப்பிள்ளைக்கென்று பெற்றவர் வழிச் சொத்து இருந்தால், அதில் கை வைப்பது நெருப்பை விழுங்குவதற்குச் சமம்.

நாட்டுச் சட்டத்தையும் அறிந்திருப்பது நலம். 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டப்படி நீதிமன்றத்தின் வாயிலாகக் காப்பாளர் ஆகலாம். சிறார் நீதிச் சட்டத்தின் வழி எம்மதத்தவரும் தத்தெடுக்கலாம் என்றும், அவ்வழியை நாடுவது அவரவர் விருப்பம் என்றும் 2014-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2015-இல் வந்த புதிய சட்டமும் அவ்வழியைத் தொடர்கிறது. அவ்வாறு தத்தெடுக்கப்படும் பிள்ளை சட்டத்தின் கண்ணில் பெற்ற பிள்ளையாகிவிடும். ஆகவே ஷரீஅத்தின் வரம்பைப் பேண விரும்புவோர் இவ்விரண்டின் வேறுபாட்டை முன்கூட்டியே ஆலிம்களிடமும் வழக்கறிஞரிடமும் கேட்டுத் தெளிய வேண்டும். எவ்வகையாயினும், காகிதமின்றிக் கைமாறாகக் குழந்தையை வாங்குவது கூடவே கூடாது. நீண்ட தூரம் செல்கையில் அந்த ஆவணங்களின் நகல் பெட்டியில் இருக்கட்டும்.

முஸாபிருக்கு மார்க்கம் எத்தனையோ சலுகைகளைத் தந்திருக்கிறது. நான்கு ரக்அத் இரண்டாகச் சுருங்குகிறது. நோன்பைப் பின்னர் நோற்கலாம். காலுறையின் மீது மூன்று நாள் மஸஹு செய்யலாம். ஆனால் அமானிதத்துக்கு கஸ்ர் இல்லை. வளர்ப்புப் பிள்ளையின் உண்மை, அப்பிள்ளை நம்மிடம் ஒப்படைத்திருக்கும் அமானிதம். அதை வீட்டிலும் குறைக்க முடியாது. வழியிலும் குறைக்க முடியாது.

அந்தச் சகோதரருக்கு நாம் கூறிய பதிலும் இதுவே: சத்தியம் வாங்காதீர், சத்தியத்தைச் சொல்லும். பிறகு பிள்ளையை மடியில் இருத்திக்கொண்டு பிஸ்மில்லாஹ் சொல்லிப் புறப்படும். தந்தையின் துஆவும் முஸாபிரின் துஆவும் மறுக்கப்படுவதில்லை என்று ஹதீஸில் வருகிறது. முஸாபிராய் வழி நெடுக அப்பிள்ளைக்காக ஒரு தந்தையின் உருக்கத்தோடு துஆ கேட்பீராக. வல்ல நாயன் உம் பிரயாணத்தையும் பிள்ளையின் வாழ்வையும் ஸலாமத்தாக்கி வைப்பானாக! ஆமீன்.