கச்சான் எழும்பும் கரை



நோர்வேயின் வடகோடியில் ஃபின்மார்க் என்றொரு கரை இருக்கிறது. 1980களில் நம் இலங்கைத் தமிழர்கள் பலர் அங்குள்ள மீன் பதனிடும் ஆலைகளுக்கு வேலைக்குப் போனார்கள். நாட்காட்டியில் வசந்தம் பிறந்த பிறகும் அங்கே காற்றும் பனியும் சேர்ந்தே அடிக்கும். ஏப்ரலிலும் வாசலில் குவிந்த பனியை வழித்துவிட்டுத்தான் வெளியே இறங்கவேண்டி வரும்.

இங்கே, நம் புத்தளத்துக் கரைக்குப் பனி வருவதில்லை. காற்று வரும், அதன் பின்னால் ஒரு வெள்ளையும் வரும். அது உப்பு.

மே மாதக் கடைசியில் தென்மேற்கிலிருந்து எழும்பும் காற்றைச் சிலர் சோளகம் என்பார்கள், சிலர் கச்சான் என்பார்கள். இப்போது கச்சான் என்றால் திருவிழாவில் வாங்கிக் கொறிக்கும் நிலக்கடலைதான் பலருக்கு நினைவு வரும்! அந்தக் காற்று எழும்பிவிட்டால் தலவில தொடங்கிக் கற்பிட்டி மேற்குக் கரை நெடுகக் கடல் கொந்தளிக்கும், கரைவலை ஓய்ந்துவிடும். சிலாபம், நீர்கொழும்புப் பக்கத்து மீனவர்களில் ஒரு பகுதியினர் வலையும் படகுமாக முல்லைத்தீவுக் கரைக்குப் போய் வாடி போடுவார்கள். நுரைச்சோலை அனல்மின் நிலையத்துக்கும் இதே கதைதான். தூரத்தில் நங்கூரமிட்ட கப்பலிலிருந்து தட்டைப் படகுகளில் நிலக்கரி இறக்க அலை விடாது. காற்றுக்கு முன்பே குவித்து வைத்தால்தான் அந்த 900 மெகாவாட் நிலையம் ஓடும். அங்கிருந்து கொஞ்சத் தூரத்தில், மாம்புரியில், 2010 முதல் காற்றாலைகள் சுற்றுகின்றன. அவற்றுக்கு இதுதான் அறுவடைக் காலம்.

உப்பளத்துக்கும் அப்படித்தான். கடல்நீரில் உப்பு நூற்றுக்கு மூன்றரைப் பங்குதான். மீதியில் பெரும்பகுதி ஆவியாகிப் போகவேண்டும். வெயில் மட்டும் இருந்தால் அது சீக்கிரம் நடக்காது. தண்ணீருக்கு மேலே தேங்கி நிற்கும் ஈரத்தைத் தள்ளிக்கொண்டு போக ஒரு காற்று வேண்டும். பாத்தி மாற்றி மாற்றித் தண்ணீர் தடிக்கும். முதலில் சுண்ணாம்பும் ஜிப்சமும் படியும், அதன் பிறகே உப்பு பூக்கும். கடைசியில் மிஞ்சும் கசப்பு நீரை வடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் உப்பே கசக்கும். இத்தனை வாரப் பாட்டையும் கரைத்துவிட ஒரு நல்ல மழை போதும்.

2025இல் அதுதான் நடந்தது. பருவம் தப்பிய மழையில் விளைச்சல் கெட்டு, கடைகளில் உப்பு இல்லாமல் போய், இந்தியாவிலிருந்து இறக்கினோம். சுற்றிவரக் கடலை வைத்துக்கொண்டு உப்புக்கு வரிசையா என்று நாடே சிரித்தது. நானும் சிரித்தேன். உப்பளத்தில் நிற்பவருக்கு அது பகிடியாக இருந்திருக்காது. கடல் எப்போதும் அங்கேதான் இருக்கிறது. வராமல் போனது காய்ந்த காற்று.

இன்னும் சிறிது நேரத்தில் வானிலை அறிவித்தல் வரும். சிலாபத்திலிருந்து புத்தளம், மன்னார் ஊடாகக் காங்கேசன்துறை வரை என்று தொடங்கும்போதே நம்மில் பலரின் கை வானொலியைத் திருப்பப் போய்விடும். இன்று ஒருநாள் காற்றின் திசை, வேகம் எல்லாம் சொல்லி முடியும்வரை பொறுத்திருந்து கேளுங்கள். உங்கள் வீட்டில் கடலுக்குப் போகிறவர் இருந்தால், சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வையுங்கள்.