ஒற்றைச் சாட்சி

சிகிச்சையே இல்லாமல், அல்லது கட்டியைக் கரைக்கப் போதாத சிகிச்சையோடு, புற்றுநோய் தானாகப் பின்வாங்குவது உண்டு. அமெரிக்க அறுவை மருத்துவர்கள் எவர்சனும் கோலும் 1900க்குப் பிந்தைய மருத்துவ அறிக்கைகளைச் சலித்து, ஐயத்துக்கு இடமானவற்றைத் தள்ளி, 176 நிகழ்வுகளை 1966இல் நூலாக்கினார்கள். 60,000 முதல் 1,00,000 நோயாளிகளில் ஒருவருக்கு என்பது வழக்கமாகச் சொல்லப்படும் தோராயம். கடுங்காய்ச்சலுக்குப் பின் கட்டி வற்றியவர்கள் உண்டு என்பதால் உடலின் எதிர்ப்பாற்றலையே பலரும் காரணமாகக் கருதுகிறார்கள். முழு விளக்கம் கிடைக்கவில்லை. கட்டி கரைந்த ஒருவர் அந்நாளில் ஏதோ கஷாயம் குடித்திருந்தால், விளக்கம் இல்லாத அந்த இடத்தில் கஷாயப் புட்டியை வைப்பது சரியா என்பதே கேள்வி. புற்றுநோய் தீரும் என்று விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. வாய்மொழியைச் சட்டம் என்ன செய்யும்?

வடசென்னையின் ஆலைப் பகுதிகளான எண்ணூரிலும் மணலியிலும் புகைபோக்கியைக் காட்டி, எங்கள் தெருப் புற்றுநோய்க்கு இதுதானே காரணம் என்று கேட்பவருக்கு என்ன பதில் வருகிறது? புகையிலை இருக்கிறது, பரம்பரை இருக்கிறது, பல ஆண்டுக் கணக்கு வேண்டும் என்பார்கள். அறிவியல்படி அது நியாயமான பதில்தான், தட்டிக்கழிக்கவும் அது உதவுகிறது என்றாலும். நோய்க்குக் காரணம் காட்ட அத்தனை சான்று வேண்டுமென்றால், குணத்துக்குக் காரணம் காட்ட மட்டும் பிழைத்த ஒருவரின் வாக்கு எப்படிப் போதும்? அதே கஷாயத்தைக் குடித்து இறந்தவர்கள் சாட்சி சொல்ல வருவதில்லை.

பிழைக்க வழியற்றவரிடம் நம்பிக்கையையும் பிடுங்குவதா என்று கேட்கலாம். பிடுங்க வேண்டியதில்லை. இது நடப்பதுண்டு, மிக அரிது, யாராலும் வரவழைக்க முடியாது என்ற மூன்றையும் சேர்த்துச் சொன்னால் போதும். ஆனால் வாய்ப்புண் ஆறாத துறைமுகத் தொழிலாளி, ஸ்டான்லி மருத்துவமனைக்குப் போகாமல் அந்த லட்சத்தில் ஒன்றுக்காகக் காத்திருந்தால், தொடக்கத்திலேயே தீர்க்கக்கூடிய நோயை முற்றவிட்டவர் ஆவார். திருவொற்றியூரை நீங்கியபோது பார்வை போன சுந்தரர், காஞ்சியில் ஒரு கண்ணும் ஆரூரில் மறு கண்ணும் பெற்றார் என்கிறது மரபு. அந்த அற்புதத்தைச் சொல்லி எழும்பூர் கண் ஆஸ்பத்திரியை மூடச் சொன்னவர் யாருமில்லை.

அரிய நிகழ்வு என்று ஒதுக்குவதும் தவறே. ஜப்பான் 1985 முதல் கைக்குழந்தைகளின் சிறுநீரைச் சோதித்து நியூரோபிளாஸ்டோமா என்ற குழந்தைப் புற்றுநோய்க் கட்டிகளைத் தேடியது. கண்டுபிடித்தவற்றில் பல தாமாகவே மறையக்கூடியவை என்று தெரிந்தபின் 2004இல் நிறுத்தியது. தேவையற்ற கத்தியிலிருந்து குழந்தைகள் தப்பியது பொறுமையாக எண்ணிப் பார்த்ததால். இங்கும் கட்டி கரைந்தவரை, பஸ் கட்டணம் கொடுத்தாவது மருத்துவமனைக்கு அழைத்து, பழைய திசுச் சில்லை மறுபடி நுண்ணோக்கியில் பார்த்து, ஆண்டுக்கணக்கில் பின்தொடர வேண்டும். அவர் குடித்ததையே குடித்து இறந்தவரின் வீட்டுக் கதவையும் அன்றே தட்ட வேண்டும்.