ரோதைமுனியும் சிம் அட்டையும்

இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் செடி வெட்டும் கவ்வாத்துக்கு ஒரு சாமி உண்டு. ஸ்டோர் எனப்படும் தேயிலைத் தொழிற்சாலைக்கும் ஒரு சாமி உண்டு. ஸ்டோரில் இருப்பவர் ரோதைமுனி. இயந்திரங்களுக்கும், அவற்றருகே நிற்பவர்களின் கைகால்களுக்கும் அவரே காவல். ரோதை எனப்பட்ட பழைய சக்கரங்கள் போய் மின்மோட்டர்கள் வந்து எவ்வளவோ காலமாகிறது. முனிக்கு ஓய்வு கொடுக்க மட்டும் யாரும் நினைக்கவில்லை.

இன்று ஜெனரேட்டர் அறைக்கு இன்னொரு காவலும் கிடைக்கிறது: சிம் அட்டை போட்ட சின்ன மோடம். கரண்ட் போனது, ஜெனரேட்டர் கிளம்பவில்லை, டீசல் குறைகிறது என்று தொலைவில் இருப்பவருக்குக் குறுஞ்செய்தி அனுப்பும். தேவை இல்லாமல் இல்லை. கொழுந்து வாட்டம் இரவு முழுக்க நடக்கும் வேலை. விசிறி நீண்ட நேரம் நின்றால் கொழுந்து கெடும். 2022 மார்ச் இறுதியில் இலங்கையில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தது. 2025 பெப்ரவரி 9 அன்று பாணந்துறைத் துணைமின்நிலையத்தில் புகுந்த ஒரு குரங்கு நாட்டையே இருட்டாக்கியது.

முனி இருக்கும் இடத்தில் மோடம் எதற்கு என்ற கேள்வி வெளியூர்க்காரருக்குத்தான் எழும். சூடம் காட்டிவிட்டு சுவிட்சைப் போடுகிறவருக்கு அதில் முரண் தெரிவதில்லை. யோசிக்க வேண்டிய கேள்வி வேறு. ஒன்றைத் தெரிந்துகொள்வதும் அதைக் காப்பதும் ஒன்றுதானா?

இரண்டு காவல்களும் பிரிகிற இடம் மௌனம். முனி பேசாமல் இருந்தால் காவல் நடக்கிறது என்று பக்தர் எடுத்துக்கொள்கிறார். விபத்தில்லாத ஆண்டே அருள். மோடத்தின் மௌனத்தை அப்படி நம்பினால் கெட்டது குடி. ஸ்டார்ட்டர் பேட்டரியிலிருந்தே மோடத்துக்கும் மின்சாரம் எடுத்திருந்தால், அந்தப் பேட்டரி செத்த அன்று ஜெனரேட்டரும் கிளம்பாது, அதைச் சொல்ல வேண்டிய மோடமும் பேசாது. ரீலோட் செய்யாத சிம், தகரச் சுவருக்குள் அடைபட்ட அன்டனா, பேட்டரி தீர்ந்த தொலைபேசிக் கோபுரம் எல்லாமே தொலைவில் இருப்பவருக்கு ‘எல்லாம் நலம்’ போலத்தான் தெரியும். அதனால் விவரம் அறிந்தவர்கள் மோடத்துக்குத் தனிப் பேட்டரி வைத்து, தினமும் ஒரே நேரத்தில் ‘இருக்கிறேன்’ என்று செய்தி வரச் செய்கிறார்கள். அது வராத நாள்தான் அபாயம். எந்த பக்தரும் சாமியிடம் இப்படித் தினசரி வருகைப்பதிவு கேட்டதில்லை.

செய்தி வந்துவிட்டால் மட்டும் காவலாகிவிடுமா? பதுளை மாவட்டத்தில் கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தையில் 2014 அக்டோபர் 29 காலை மலை சரிந்து, தொழிலாளர் குடியிருப்புகளான லயங்களை உள்ளிருந்தவர்களோடு மூடியது. அங்கே குடியிருப்பது ஆபத்து என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் சொல்லியிருந்தது. தெரியாமல் நேர்ந்த சாவு அல்ல. லயம் தோட்டத்துடையது, வேலையும் அதே மலையில். சொந்தக் காணி இல்லாதவர் எங்கே போவார்? மாற்று வீடுகள் கையளிக்கப்பட்டது 2016இல்தான். இப்போது தானியங்கி மழைமானிகள் கைபேசி வலையமைப்பு வழியே அளவை அனுப்புகின்றன. 24 மணி நேரத்தில் 150 மில்லிமீற்றர் தாண்டினால் வெளியேறச் சொல்லும் சிவப்பு எச்சரிக்கை. ஆனால் 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் அடித்தபோது மலையகத்தின் பல இடங்களில் மின்சாரமும் தொலைபேசியும் சேர்ந்தே அற்றுப்போயின.

காவல் தெய்வத்தை மக்கள் கும்பிடுவது, அவர் எல்லாம் அறிந்தவர் என்பதற்காக மட்டுமல்ல. கூப்பிட்டால் வருவார் என்பதற்காக. கையில் அரிவாள் இருப்பதும் அதற்காகத்தான். மீரியபெத்தையில் ஆபத்தை அறிந்தவர் ஒருவர், காணி கொடுக்கக்கூடியவர் வேறொருவர். அறிவு ஒரு பக்கமும் அதிகாரம் இன்னொரு பக்கமுமாக நின்றதைக் காவல் என்று எந்தச் சாமியும் ஒப்புக்கொள்ளாது.

ஸ்டோரின் மோடத்தை அமைக்கும்போதும், செய்தி யாருடைய தொலைபேசி எண்களுக்குப் போக வேண்டும் என்ற கேள்வி வரும். கொழும்புத் தலைமையகம், தோட்ட முகாமையாளரான பெரியதொரை, ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் டீமேக்கர். இரவு இரண்டு மணிக்குச் செய்தி பெறும் கொழும்புக்காரரால் முடிவது இன்னொருவரைக் கூப்பிடுவதுதான். ஜெனரேட்டரைக் கையால் கிளப்பத் தெரிந்தவர் ஸ்டோருக்குக் கீழே லயத்தில் தூங்குகிறார். அவருடைய எண்ணை முதலில் போட்டால், இரவில் எழுந்துவரக் கூலி எவ்வளவு, வராவிட்டால் பழி யாருக்கு என்பதையும் அப்போதே பேசியாக வேண்டும். பட்டியலைக் கொழும்பிலிருந்து தொடங்குவது சுலபமாக இருப்பது இதனால்தானோ என்னவோ.