ஒட்டாத காது

ஒட்டாது என்று தெரிந்தே ஒருவர் ஒரு துண்டை எதற்கு எடுத்து வைக்கிறார்? கொஞ்ச காலமாக எனக்கு இதுதான் தொல்லை.

துண்டு என்றது ஒரு குதிரைக் காது. மண் குதிரை. கொட்டாம்பட்டிப் பக்கத்தில் ஓர் ஊர், புரவி எடுப்புக்குக் குதிரை செய்துகொண்டிருந்த ஒரு வேளாரின் கொட்டகை. அங்கே சுவர் மாடத்தில், விளக்கு வைக்கிற இடத்தில் அந்தக் காது இருந்தது. சுடாதது. காய்ந்து வெளுத்திருந்தது. நுனி மட்டும் லேசாக முன்பக்கம் மடங்கியிருந்தது. அந்த மடிப்பில்தான் முழுக் குதிரையும் இருப்பதாக எனக்குத் தோன்றியது.

புரவி எடுப்பு தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஊர் பிடிமண் கொடுத்த பிறகுதான் வேளார் வேலையில் கை வைப்பார். மண்ணோடு மணலும் உமியும் சேர்த்து மிதித்து, கால், வயிறு, கழுத்து, தலை என்று பகுதி பகுதியாக ஏற்றி, உலர்த்தி, சுட்டு, வண்ணம் அடிப்பார்கள். திருவிழாவன்று அதைத் தோளில் தூக்கி அய்யனார் கோயிலுக்குக் கொண்டுபோய் விடுவார்கள். முன்னால் வந்த குதிரைகள் அங்கே மூக்கு உடைந்தும் கால் உடைந்தும் நின்றுகொண்டிருக்கும். அவற்றை யாரும் ஒட்டிச் சரிசெய்வதில்லை. அடுத்த முறை புதுசு வரும். மிச்சம் மீதி சேர்த்து வைக்கவே தேவையில்லாத தொழில். சுடாத மண்ணில் எது மிஞ்சினாலும் தண்ணீரில் போட்டால் கரைந்து பழையபடி மண்ணாகிவிடும்.

"இது எதுக்குண்ணே?" என்று கேட்டேன்.

"நல்லா வந்துச்சு தம்பி. கெடக்கட்டும்."

"அடுத்த குதிரைக்கு வைக்கலாமா?"

"காஞ்சது ஈரத்தோட ஒட்டுமா? ஈரம் காயக் காயச் சுருங்கும், இது சுருங்காது. வெடிச்சு வந்துரும்."

அதோடு அவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். எனக்குத்தான் வேலை ஓடவில்லை. காரணம், என்னிடமும் ஒரு நோட்டு இருக்கிறது. கட்டுரைகளிலிருந்து வெட்டிய வரிகளை, என்றைக்காவது உதவும் என்று அதில் எழுதி வைப்பேன். கண்மாய் மடையைப் பற்றி ஒரு வரி அதில் நெடுநாளாகக் கிடக்கிறது. எந்தக் கட்டுரையில் கொண்டுபோய்ச் செருகினாலும், அந்த வரிக்காகவே மற்றதை எழுதியதுபோல ஆகிவிடுகிறது.

அப்பத்தா இதை வேறுவிதமாகச் சொல்லியிருப்பாள். தையல்காரரிடம் வாங்கி வந்த வெட்டுத்துணியை மஞ்சப்பையில் போட்டு வைப்பாள். பெரிய துண்டு தலையணை உறைக்கு, சின்னது தலையணைக்குள் அடைக்க, அதற்கும் ஆகாதது விளக்குத் துடைக்க. இந்தக் கணக்கில் அவள் ஒருநாளும் குழம்பியதில்லை, ஒரு சிவப்புப் பட்டுத்துண்டைத் தவிர. "இத வச்சுத் தச்சா மத்ததெல்லாம் பழசாத் தெரியுது" என்று பைக்குள்ளேயே திரும்பப் போட்டுவிடுவாள். தூக்கியும் எறியமாட்டாள். நல்ல துண்டு மற்ற துணிகளை ஏழையாக்கிவிடும் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. எனக்கு அது எழுதத் தொடங்கிய பிறகுதான் உறைத்தது.

எப்போதோ அரைகுறையாகப் படித்த ஒன்றும் இங்கே குறுக்கே வருகிறது. ஜெர்மன் இசையமைப்பாளர் பாக், 1750இல் இறப்பதற்குச் சற்று முன்னால் பி மைனர் மாஸ் என்ற பெரிய படைப்பை முடித்தார். அதில் கணிசமான பகுதி அவருடைய பழைய உருப்படிகள்தான். இயேசு சிலுவையில் அறையப்படுவதைப் பாடும் பகுதி, 1714இல் அவர் எழுதிய ஒரு புலம்பல் பாட்டு. ஆனால் அப்படியே எடுத்து ஒட்டவில்லை. சொற்களை மாற்றினார், சுருதியை அரைச்சுரம் இறக்கினார், முடிவைப் புதிதாக எழுதினார். மூன்று பத்தாண்டுக்கு மேல் கிடந்ததைத் தண்ணீர் தெளித்துத் திரும்பப் பிசைந்தார் என்றுதான் சொல்ல வேண்டும்.

சரி, ஊறப்போட்டால்தான் ஒட்டும் என்று முடித்துவிடலாம் என்றால் மணிமேகலை விடவில்லை. சாத்தனார் ஒரு குறளை எடுத்துக் கிட்டத்தட்ட அப்படியே தன் காப்பியத்தில் வைக்கிறார். சொன்னவர் பொய் சொல்லாத புலவர் என்று சேர்த்தும் சொல்கிறார். ஊறவும் இல்லை, பிசையவும் இல்லை. முழுசாக நிற்கிறது, விரிசல் இல்லை. அது சுட்டுவிட்ட துண்டு என்பதாலா? இன்னொருவருடையது என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டதாலா? அல்லது, நம்முடைய பழைய துண்டு மட்டும்தான் நம்மிடம் இப்படி முரண்டு பிடிக்குமா?

காதுக்கு இது எதுவும் பொருந்தவில்லை. ஊறப்போட்டால் மடிப்பு போய்விடும். ஊறாவிட்டால் ஒட்டாது. மாதிரிக்காக வைத்திருந்தார் என்று சொல்லலாம். ஆனால் அவர் கை மாடத்தைப் பார்த்துச் செய்யவில்லை, அதுபாட்டுக்குச் செய்துகொண்டிருந்தது. நன்றாக வந்தது என்பதைத் தவிர வேறு காரணம் அவர் சொல்லவில்லை. ஒருவேளை அதுவே போதுமான காரணமாக இருக்கலாம். பயன்படுத்துவதற்காகத்தான் சேர்க்கிறோம் என்பது என்னைப் போன்றவர்கள் கட்டிக்கொண்ட நியாயமாகவும் இருக்கலாம். உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை.

இப்போதைக்கு நோட்டைத் தூக்கிப் போடவில்லை. அதிலிருந்து எடுத்து எழுதுவதை மட்டும் நிறுத்தியிருக்கிறேன். எழுத்து அதனால் மேம்பட்டதாகவும் தெரியவில்லை. உங்களிடம் அப்படி ஒரு நோட்டோ பையோ இருந்தால், என்னை நம்பி எதுவும் செய்துவிடாதீர்கள்.