பிள்ளை போட்ட கையெழுத்து

பள்ளிப்பட்டில் நாம் நேரில் கண்ட ஒரு வழக்கை முதலில் சொல்லிவிடுகிறோம். இஷா தொழுகை முடிந்து ஜமாஅத்தார் கலைந்து கொண்டிருந்த நேரம். ஒரு சகோதரர் தம் மகனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு இமாம் ஹஜ்ரத்திடம் வந்தார். பையனுக்கு 12 வயது, ஏழாம் வகுப்பு. கன்னத்தில் விரல் தடம் தெரிந்தது. தந்தைக்குக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை. அங்கேயே நாலு பேருடன் அறை எடுத்துத் தங்கி, வாரம் ஒரு முறை ஊருக்கு வருபவர். காலாண்டுத் தேர்வில் கணக்கில் 23 மதிப்பெண் வாங்கிய பையன், ரேங்க் கார்டை வீட்டில் காட்டாமல், தந்தையின் கையெழுத்தைத் தானே போட்டு ஆசிரியரிடம் கொடுத்துவிட்டான். அந்தத் தந்தை சிறுவயதில் நகரிப் பக்கம் தெலுங்குப் பள்ளியில் படித்தவர். இன்றும் தெலுங்கில்தான் கையெழுத்திடுகிறார். அந்தத் தெலுங்கு எழுத்தைப் பையன் அச்சாக எழுதியிருந்தான்.

"ஹஜ்ரத், இவனுக்குத் தவ்பா சொல்லிக் கொடுங்கள். பன்னிரண்டு வயதில் பொய்க் கையெழுத்துப் போடுகிறவன் நாளைக்கு என்னதான் செய்யமாட்டான்?" என்றார்.

ஹஜ்ரத் பையனைப் பார்க்கவில்லை. தந்தையைப் பார்த்துக் கேட்டார். "பாய், பையன் பாலிகாகிவிட்டானா?"

"இன்னும் இல்லை."

"அப்படியானால் இந்தப் பொய் இவன் ஏட்டில் எழுதப்படவில்லை. ஆனாலும் பொய் ஒன்று நடந்திருக்கிறது. அது யார் ஏட்டுப் பக்கம் போயிருக்கும் என்று இரவு படுக்கும்போது யோசித்துப் பாருங்கள்."

அந்தச் சகோதரருக்கு இந்தப் பதில் பிடிக்கவில்லை. ஸலாம் கூடச் சொல்லாமல் பையனை இழுத்துக்கொண்டு போய்விட்டார். எங்களில் சிலருக்கும் அது பிடிக்கவில்லை என்பதை மறைப்பானேன்? தப்புச் செய்த பிள்ளையை விட்டுவிட்டு, உழைத்துக் களைத்து வந்த தகப்பனையா குற்றம் சொல்வது என்று வெளியில் நின்று பேசிக்கொண்டோம். ஆனால் யோசிக்க யோசிக்க ஹஜ்ரத் கேட்ட கேள்வி நம்மை விடுவதாயில்லை.

மூன்று பேரை விட்டு எழுதுகோல் உயர்த்தப்பட்டிருக்கிறது என்பது நாம் அறிந்த நபிமொழி. உறங்குபவர் விழிக்கும்வரை, சித்தம் கலங்கியவர் தெளியும்வரை, சிறு பிள்ளை பருவம் எய்தும்வரை. அதே சமயம், ஒருவர் பாவத்தை இன்னொருவர் சுமப்பதில்லை என்பதும் நம் மார்க்கத்தின் அடிப்படை. அப்படியிருக்க, மகன் சொன்ன பொய் தகப்பன் ஏட்டில் எப்படி ஏறும்? ஏறாதுதான். ஆனால் அந்தப் பொய்யைச் சொல்லாமல் இருக்க முடியாது என்ற நிலைக்குப் பிள்ளையைக் கொண்டுபோய் நிறுத்தியது யாரோ, அவர் செய்த செயல் அவருடையது. நம் ஒவ்வொருவரையும் மேய்ப்பர் என்றும், மேய்ச்சலில் விட்டவை பற்றிக் கேட்கப்படுவோம் என்றும் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். ஹஜ்ரத் சொன்னது இந்தக் கணக்கைத்தான்.

இதில் காலத்தைப் பற்றிய ஒரு நுட்பமும் இருக்கிறது. ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை என்றால் வயது 11 முதல் 13, 14 வரை. பெரும்பாலான பிள்ளைகள் பருவம் எய்துவது ஏறக்குறைய இந்த வயதுகளில்தான். உயர்த்தப்பட்ட எழுதுகோல் தாளில் இறங்குவது நடுநிலைப் பள்ளிக் காலத்தில் என்று சொன்னால் மிகையாகாது. பயத்தால் பதினோரு வயதில் பழகிய பொய், பதினான்கில் தானாக நின்றுவிடுமா? எழுதப்படாத காலத்தில் நாம் எதைப் பழக்கினோமோ, அதுவே எழுதப்படும் காலத்தின் முதல் வரியாகிவிடுகிறது.

600 ஆண்டுகளுக்கு முன்பே இதை எழுதி வைத்தவர் இப்னு கல்தூன். தூனிஸில் பிறந்து, கெய்ரோவில் ஆசிரியராகவும் காஜியாகவும் இருந்தவர். 1377-ல் அவர் எழுதிய முகத்திமாவில், மாணவர்களைக் கடுமையாக நடத்துவதால் வரும் கேட்டுக்கென்றே ஓர் அத்தியாயம் வைத்தார். அடக்குமுறையில் வளரும் பிள்ளையின் மனம் சுருங்குகிறது. ஊக்கம் போய்ச் சோம்பல் வருகிறது. அடிக்குப் பயந்து மனத்தில் ஒன்றும் வாயில் ஒன்றுமாகப் பேசுகிறான். நாளடைவில் அதுவே அவன் குணமாகிவிடுகிறது. இப்படிப் படிப்படியாகக் காட்டுகிறார். அதோடு விடவில்லை. அடக்கி ஆளப்பட்ட சமுதாயங்களுக்கும் இதுவே நேர்கிறது என்று சொல்லிவிட்டுப் போகிறார். அவருக்கு முன்பே இமாம் கஸ்ஸாலி (ரஹ்), ஓதிவிட்டு வந்த பிள்ளையை விளையாட விட வேண்டும், விடாமல் படிப்பிலேயே அழுத்தினால் அவன் உள்ளம் மரத்துப் போகும், அறிவு மழுங்கும், படிப்பிலிருந்து தப்பிக்கத் தந்திரம் தேடுவான் என்று இஹ்யாவில் எச்சரித்தார்கள். டியூஷன், மதரஸா, மறுபடி டியூஷன் என்று பிள்ளையின் மாலை நேரத்தை முழுவதும் நிரப்பி வைத்திருக்கும் நாம் அந்தப் பக்கத்தை ஒருமுறை வாசிப்பது நல்லது.

இங்கே சிலர் ஒரு கேள்வி கேட்பார்கள், நியாயமான கேள்விதான். தொழுகைக்காகப் பத்து வயதில் அடிக்கச் சொல்லி ஹதீஸ் இருக்கிறதே? இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அதே ஹதீஸில் ஏழு வயதிலிருந்து சொல்லித் தர வேண்டும் என்றும் இருக்கிறது. மூன்று வருடம், ஒரு நாளைக்கு ஐந்து வேளை என்றால் ஐயாயிரம் தடவைக்கு மேல் ஆகிறது. அன்பாகக் கூட்டிப் போய்ப் பக்கத்தில் நிற்க வைத்துத் தொழ வைத்த ஐயாயிரம் தடவையைக் கணக்கில் கொண்டு வந்தவர் பத்தாம் வயதைப் பற்றிப் பேசட்டும். அப்போதும் காயம் படக்கூடாது, முகத்தில் படக்கூடாது, கோபத்தில் கை ஓங்கக்கூடாது என்றெல்லாம் ஃபிக்ஹு அறிஞர்கள் வரம்பு கட்டியிருக்கிறார்கள். அந்த நபிமொழி பேசுவது தொழுகையைப் பற்றி. கணக்குப் பாடத்தைப் பற்றியல்ல.

அந்த ஹதீஸை நமக்குத் தந்த பெருமானார் (ஸல்) அவர்கள் தம் வீட்டில் எப்படி இருந்தார்கள்? எந்தப் பெண்ணையும், எந்தப் பணியாளரையும் அவர்கள் கையால் அடித்ததில்லை என்று ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். அனஸ் (ரலி) அவர்கள் நாயகத்தின் வீட்டுக்குப் பணி செய்ய வந்தபோது வயது சுமார் பத்து. ஒரு நாள் நாயகம் அவர்களை ஒரு வேலையாக அனுப்புகிறார்கள். "போகமாட்டேன்" என்கிறார் சிறுவர். போகத்தான் வேண்டும் என்று மனத்தில் இருந்தாலும் வாய் அப்படிச் சொல்லிவிட்டது. கிளம்பிப் போனவர், கடைத்தெருவில் பிள்ளைகள் விளையாடுவதைப் பார்த்து நின்றுவிடுகிறார். சற்று நேரத்தில் பின்னாலிருந்து ஒரு கை பிடரியைப் பிடிக்கிறது. திரும்பிப் பார்த்தால் நாயகம் அவர்கள் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். செல்லமாகப் பேரைச் சுருக்கிக் கூப்பிட்டு, "சொன்ன இடத்துக்குப் போனாயா?" என்பதாகக் கேட்கிறார்கள். சிறுவர் சொன்ன பதில், இதோ போகிறேன் என்பதுதான். பத்து ஆண்டுப் பணியில் ஒருமுறை கூட "சீ" என்று கடிந்ததில்லை என்றும் அவரே சொல்கிறார். முதுமையில் ஆயிரக்கணக்கான ஹதீஸ்களை உலகுக்குச் சொன்ன வாய் அது. பிடரியில் விழுந்த கை அடித்திருந்தால் அந்தச் சிறுவர் இத்தனையையும் நினைவில் வைத்திருப்பாரா என்று நமக்குத் தோன்றுவதுண்டு.

இன்னொன்று: பெரியவர்கள் பிள்ளைகளிடம் சொல்லும் பொய். "வா, ஒன்று தருகிறேன்" என்று ஒரு தாய் மகனைக் கூப்பிட, என்ன தர எண்ணினாய் என்று நாயகம் (ஸல்) அவர்கள் கேட்டார்கள். பேரீச்சம்பழம் என்றார் தாய். ஒன்றும் தராமல் விட்டிருந்தால் அது உன் மேல் ஒரு பொய்யாக எழுதப்பட்டிருக்கும் என்றார்கள். தவணைக்காரர் கதவைத் தட்டும்போது "அப்பா ஊரில் இல்லை என்று சொல்" என்று பிள்ளையை வாசலுக்கு அனுப்பும் வீடுகள் நம்மில் எத்தனை?

இனி அந்த 23 மதிப்பெண்ணுக்கு வருவோம். அதைப் பற்றி யாருமே விசாரிக்கவில்லை. எல்லோரும் கையெழுத்தைத்தான் விசாரித்தோம். பள்ளிப்பட்டு எல்லையோர ஊர். 1960 ஏப்ரல் முதல் நாள் வரை ஆந்திரத்துச் சித்தூர் மாவட்டத்தோடு இருந்த பகுதி இது. அதன்பின் செங்கல்பட்டு, 1997-லிருந்து திருவள்ளூர். எல்லைக்கோடு மாறியது, நாக்கு மாறவில்லை. நம் பிள்ளை வீட்டில் உருது பேசுகிறான். தெருவில் தெலுங்கு. வகுப்பில் தமிழ், 2006-ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டத்துக்குப் பிறகு தமிழை விட்டுவிட்டு மேலே போக வழியில்லை, அது நல்லதுதான். புத்தகத்தில் ஆங்கிலம். மாலை மதரஸாவில் அரபி. இத்தனையும் ஒரே தலைக்குள். ஐந்தாம் வகுப்பு வரை ஒரே டீச்சர் முகம் பார்த்துப் பாடம் நடத்தினார். ஆறாம் வகுப்பில் பாடத்துக்கு ஓர் ஆசிரியர், வேறு கட்டடம், வேறு பையன்கள். கூட்டல் தெரிந்த பையனுக்குக் கணக்கின் வாசகம் புரியவில்லை. எழுந்து கேட்டால் உச்சரிப்பைக் கேட்டுச் சிரிக்கிறார்கள். கேட்பதை நிறுத்திவிட்டான். இதையெல்லாம் பின்னால் அவன் தாதியிடம்தான் சொல்லியிருக்கிறான். தாதிக்குக் கணக்கும் தெரியாது, யாரிடம் சொல்வதென்றும் தெரியாது.

யூஸுஃப் (அலை) சிறு பிள்ளையாகத் தாம் கண்ட கனவைச் சொன்னபோது யஃகூப் (அலை) அவர்கள் "போய் வேலையைப் பார்" என்று சொல்லவில்லை. முழுவதும் கேட்டார்கள், அதில் உள்ள நன்மையைச் சொன்னார்கள், ஆபத்தையும் சொன்னார்கள். பிள்ளை கனவைத் தந்தையிடம் கொண்டு வந்தான் என்பதே அந்த வீட்டைப் பற்றி எவ்வளவோ சொல்லிவிடுகிறது. நம் வீட்டுப் பிள்ளை கனவை விடுங்கள், ரேங்க் கார்டையாவது கொண்டு வருகிறானா? வாரம் ஒரு முறை வரும் தகப்பன் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்கும் முதல் கேள்வி மதிப்பெண்ணாக இருந்தால், அவர் வரும் நாளே பிள்ளைக்குப் பயமாகிவிடும்.

வேறு சில அடையாளங்களும் உண்டு. பள்ளிக்கூட நாளில் மட்டும் காலையில் வயிற்று வலி. நன்றாக இருந்த பிள்ளை படுக்கையை நனைப்பது. சாப்பாட்டில் வெறுப்பு, நண்பன் பேரையே எடுக்காமை. நம் வீடுகளில் உடனே திருஷ்டி என்று ஓதி ஊதுகிறோம். ஓதுங்கள், அதைத் தடுப்பார் யார்? ஆனால் ஓதிய கையோடு பள்ளிக்குப் போய் ஆசிரியரைப் பாருங்கள். அரசு மருத்துவமனையில் காட்டுங்கள். பிள்ளைகளின் துன்பத்துக்கென 1098 என்ற இலவசத் தொலைபேசி இருக்கிறது; படிப்பு சம்பந்தமான மனக்கவலைக்குத் தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித் துறையின் 14417 இருக்கிறது. பள்ளியில் அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தடுக்கிறது. 2012-ல் வந்த திருத்தம் மதரஸாக்களை அந்தச் சட்டத்தின் வரம்பிலிருந்து விலக்கியது உண்மை. அதைப் பிரம்புக்குக் கிடைத்த அனுமதிச் சீட்டாக எந்த உஸ்தாதும் எடுத்துக்கொள்ளக் கூடாது. சட்டம் விலக்கினாலும் அனஸ் (ரலி) அவர்களின் சாட்சியம் விலகவில்லை. அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்று அதே சட்டம் சொல்கிறது. அந்தக் கூட்டத்தில் நம் வீட்டுப் பெண்கள் எத்தனை பேர் போய் உட்காருகிறார்கள்?

பெண் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் மனம் கேட்காது. ஏழிலோ எட்டிலோ பெரியவளானதும் "போதும் படிப்பு" என்று நிறுத்துகிற வழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. சிறுபான்மைப் பிள்ளைகளுக்கு மத்திய அரசு தந்து வந்த உதவித்தொகையும் 2022-லிருந்து எட்டாம் வகுப்பு வரை உள்ளவர்களுக்கு இல்லை. சிறு தொகைதான், ஆனாலும் மகளை நிறுத்த ஒரு சாக்கு தேடும் வீட்டுக்கு அதுவே போதும். ஜமாஅத்தின் பைத்துல்மால் இந்த இடத்தில் கண் திறக்க வேண்டும். எழுதுகோல் இறங்கும் வயதில், அவள் கையிலிருந்து எழுதுகோலைப் பிடுங்குகிறோம்.

அந்தச் சகோதரரை நாம் பிறகு அரையாண்டுத் தேர்வு முடிந்து சந்தித்தோம். அவராகவே சொன்னார். வாரக் கணக்கில் ஹஜ்ரத் மேல் கோபமாக இருந்தாராம். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மகனை உட்கார வைத்து, "என் கையெழுத்தை ஒரு தடவை போட்டுக் காட்டு" என்றாராம். பையன் அடி விழும் என்று நினைத்து அழுதிருக்கிறான். அடிக்கமாட்டேன் என்று வாக்குக் கொடுத்த பிறகு, ஒரு காகிதத்தில் தெலுங்கில் தகப்பன் பேரை அப்படியே எழுதியிருக்கிறான்.

"தெலுங்கு எழுத்து உனக்கு யார் கற்றுக் கொடுத்தது?"

"யாரும் இல்லை அப்பா. பழைய ரேங்க் கார்டைப் பார்த்து நானே எழுதி எழுதிப் பழகினேன். அப்புறம் பஸ் போர்டில் அதே எழுத்து எங்கே வருகிறது என்று பார்ப்பேன். இப்போது புத்தூர் பஸ், நகரி பஸ் எல்லாம் படித்துவிடுவேன்."

தமக்கு அப்போது பேச்சு வரவில்லை என்றார் அவர். அரையாண்டில் கணக்கில் எவ்வளவு என்று நாம் கேட்டோம். 31 என்றார். கார்டைப் பையனே கொண்டு வந்து கொடுத்தானாம்.